தீர்ப்புக்கு முன்பே துணை
(மும்பை தாராவியில் தமிழ் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, தீர்ப்பு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்." மனித உரிமைக்காகக் குரல் கொடுத்துச் சிறைக்குப் போனவர் யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மும்பைத் தமிழர்களிடம் முதலில் வருகிற பதில் இதுதான். மாட்டுங்காவில் கச்சேரி இடைவேளையில் கேட்டாலும், செம்பூரில் சொசைட்டிக் கூட்டத்தில் கேட்டாலும், இங்கே தாராவியில் டீக்கடை வாசலில் கேட்டாலும் இதே பதில். இதைச் சொல்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று நமக்கென்ன தெரியும், அதைப் பார்க்கத்தானே நீதிமன்றம் இருக்கிறது என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு பதிலோடுதான் மல்லுக்கு நிற்கப்போகிறேன். தீர்ப்புக்காகக் காத்திருப்பது நடுநிலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தீர்ப்பே வராமல் போகக்கூடிய ஒரு சட்டத்தின் கீழ், காத்திருப்பது நடுநிலை ஆகாது என்பது என் கட்சி. சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்திரா. அங்கே ஒரு மருத்துவமனையில் கைதியாகவே உயிர்விட்ட ஒரு தமிழரின் வழக்கு போதும்.

ஸ்டான் சுவாமி என்று உலகம் அறிந்த அந்தப் பாதிரியார் 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். 1957-இல் இயேசு சபையில் சேர்ந்தார். பெங்களூரின் இந்தியச் சமூக நிறுவனத்தை 1975 முதல் 1986 வரை நடத்தினார். பிறகு ஜார்க்கண்ட் பகுதிக்குப் போய், கடைசி முப்பது ஆண்டுகளை ஆதிவாசிகளோடு கழித்தார். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அவர் தொடங்கிய 'பகைச்சா' என்ற மையம்தான் அவருடைய வீடு, அலுவலகம் எல்லாம். அவர் பேசியது புரட்சி அல்ல, அரசு தானே இயற்றிய சட்டங்களைத்தான். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடி நிலத்தைச் சுரங்கக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதற்குக் கடிவாளம் போட்ட 1997-ஆம் ஆண்டு சமதா தீர்ப்பு. இவை ஏன் அமலாகவில்லை என்பதே அவருடைய ஓயாத கேள்வி. 2016-இல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட ஆய்வு, நக்சலைட் என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் கிடந்த 102 விசாரணைக் கைதிகளின் நிலையை எடுத்துக்காட்டியது. பெரும்பாலோர் மாவோயிஸ்ட் இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஏழை ஆதிவாசிகள், தலித்துகள். ஆய்வோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். சிறைப்பட்டோருக்குத் துணை நிற்கும் குழு ஒன்றையும் வழக்கறிஞர்களோடு சேர்ந்து தொடங்கினார். இந்தக் குழுவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

2017 டிசம்பர் 31 அன்று புனேயின் சனிவார்வாடாவில் எல்கார் பரிஷத் என்ற கூட்டம் நடந்தது. மறுநாள் பீமா கோரேகாவ் போரின் இருநூறாவது ஆண்டு நினைவு நாளில் வன்முறை வெடித்தது. அதையொட்டிப் போடப்பட்ட வழக்கில் மாவோயிஸ்ட் சதி என்ற கோணம் சேர்ந்தது. 2020 ஜனவரியில் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்று, 83 வயதில், பார்க்கின்சன் நோயோடு இருந்த ஸ்டான் சுவாமி ராஞ்சியில் கைதானார். வழக்கில் கைதான பதினாறு பேரில் அவர்தான் கடைசி. பீமா கோரேகாவுக்கு வாழ்நாளில் போனதே இல்லை என்று கைதுக்கு முன்பே சொல்லியிருந்தார். விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, நவி மும்பையின் தலோஜா மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். செம்பூர்க்காரர்களுக்குத் தெரியும், ஹார்பர் லைனில் ஏறினால் கார்கர் ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

பார்க்கின்சன் என்றால் கை நடுங்கும். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் சட்டையில் கொட்டிவிடும். அதனால் மூடியில் உறிஞ்சுகுழல் வைத்த சிப்பர் ஒன்றைத்தான் அவர் பயன்படுத்தி வந்தார். சிறையில் அது இல்லை. கைதின்போது எடுத்துக்கொண்ட சிப்பரையும் ஸ்ட்ராவையும் திருப்பித் தரும்படி 2020 நவம்பர் 6 அன்று மும்பை என்.ஐ.ஏ. சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது, கிடைத்தது. 20 நாள் கழித்து வந்த பதில், நாங்கள் அப்படி எதையும் எடுக்கவில்லை என்பது. மனு தள்ளுபடியானது. சிப்பரும் குளிருக்கு உடையும் வேண்டும் என்று புது மனு போட வேண்டியதாயிற்று. இதற்குள் செய்தி நாடெங்கும் பரவி, முகம் தெரியாதவர்கள் தலோஜா சிறை முகவரிக்குச் சிப்பர்களைப் பார்சலில் அனுப்பத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் சிறை நிர்வாகம் கொடுத்துவிட்டோம் என்றது. சிலர் அந்தப் பார்சல்களை நாடகம் என்று கேலி செய்தார்கள். மனு மூன்று வாரம் சாதிக்காததைப் பார்சல் சாதித்தது என்பதுதான் எனக்குத் தெரிகிற உண்மை.

இந்த அற்பத் தாமதத்தை யாரோ ஒரு அதிகாரியின் குரூரம் என்று முடித்துவிட்டால் விஷயம் கைநழுவிவிடும். தாமதம் அவரை உள்ளே வைத்த ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் உடம்பிலேயே இருக்கிறது. சாதாரண வழக்கில் ஜாமீன் கேட்டால் நீதிபதி, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்று பார்ப்பார். ஜாமீனே விதி, சிறை விலக்கு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-இல் எழுதிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த நடைமுறை அது. ஊபா சட்டத்தின் 43டி(5) பிரிவு இந்தக் கேள்வியையே மாற்றிவிட்டது. போலீஸ் சொல்வது மேலோட்டமான பார்வையில் உண்மைபோலத் தெரிந்தால் ஜாமீன் கிடையாது. 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாகத் துருவக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதாவது, ஆதாரம் பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் விசாரணை தொடங்க வேண்டும். விசாரணை தொடங்கும்வரை உள்ளே இருக்க வேண்டும். பீமா கோரேகாவ் வழக்கில் சாட்சிகள் 300-க்கும் மேல். முதல் கைதுகள் 2018 ஜூனில். 2025 ஜனவரியில் ரோனா வில்சனுக்கும் சுதீர் தாவ்லேவுக்கும் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோதும் குற்றச்சாட்டுகள்கூட வனையப்படவில்லை.

ஸ்டான் சுவாமியின் கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களே அவருக்கு எதிரான முக்கிய ஆதாரம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் அதன் நகலை ஆராய்ந்தது. 2014-இலிருந்தே வெளியாள் ஒருவர் அந்தக் கணினிக்குள் புகுந்து 40-க்கும் மேற்பட்ட ஆவணங்களைத் திணித்திருக்கிறார், 2019 ஜூனில் போலீஸ் கணினியைக் கைப்பற்றுவதற்கு முந்தைய நாள் தடயங்களை அழிக்கவும் முயன்றிருக்கிறார் என்றது அறிக்கை. என்.ஐ.ஏ. இத்தகைய அறிக்கைகளை ஏற்கவில்லை. எது சரி என்பதை முடிவுசெய்ய வேண்டியது விசாரணை நீதிமன்றம்தான். நானோ நீங்களோ அல்ல. ஆனால் அறிக்கை வெளிவந்தது 2022 டிசம்பரில். அப்போது அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் அவருடைய ஜாமீன் மனுவைத் தள்ளியது. அந்த உத்தரவில் சொல்லப்பட்ட ஒரு காரணத்தை நாம் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். அவருடைய தனிமனித சுதந்திரத்தைவிடச் சமூகத்தின் கூட்டு நலன் கனமானது, முதுமையும் நோயும் அவருக்குக் கைகொடுக்கா என்பது அதன் சாரம். சமூகம் என்றால் யார்? தாராவியில் தோல் பட்டறையில் நிற்பவர், செம்பூரில் பென்ஷன் வாங்குபவர், மாட்டுங்காவில் கடை வைத்திருப்பவர், எல்லோரும்தான். நம் நலனைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் நடுங்கும் கையுள்ள ஒரு கிழவரை வைத்து எடை போட்டார்கள். நம் பெயரால் எடை போடப்படும்போது அதில் நமக்குப் பேச இடமில்லை என்று சொல்வது எப்படி நியாயம்? என் நலனுக்கு அவர் உள்ளே இருக்கத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதைச் சொல்ல அவர் குற்றமற்றவர் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதும் இல்லை. பேசாமல் இருந்தால், நம் மௌனம் அந்தத் தட்டில் எடைக்கல்லாகத்தான் விழும்.

மே 21 அன்று உயர் நீதிமன்ற விசாரணையில் அவர் காணொலியில் தோன்றினார். தலோஜாவுக்கு வந்தபோது தானே நடந்தேன், குளித்தேன், கொஞ்சம் எழுதவும் முடிந்தது. ஒவ்வொன்றாகப் போய்விட்டது, இப்போது யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்றார். ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். இங்கேயே செத்தாலும் சரி, முடிந்தால் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்பதே அவர் கேட்டது. மே 28 அன்று பாந்திராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே கொரோனா உறுதியானது. ஜூலை 5 அன்று பிற்பகல், ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில், அவர் சற்று முன் இறந்துவிட்டதாக வழக்கறிஞரும் மருத்துவரும் நீதிபதிகளிடம் சொன்னார்கள். இறந்தவர் மீது வழக்கு நடக்காது, அற்றுப்போகும். குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ ஸ்டான் சுவாமியைப் பற்றி எந்த நீதிமன்றமும் இனித் தீர்ப்பு எழுதப்போவதில்லை. களங்கத்தைத் துடைக்கக் கேட்டுச் சேவியர் கல்லூரியின் முன்னாள் முதல்வரான பாதிரியார் ஃபிரேசர் மஸ்கரேனஸ் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியதாயிற்று. தீர்ப்பு வரட்டும் என்று 2020-இல் சொன்னவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் யாராவது கண்ணகியை அழைத்துவிடுவார்கள். ஆனால் அவள் சிலம்போடு வந்தது கணவன் கொலையுண்ட பிறகு. நமக்கு வேலை அதற்கு முன்னால்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்பது முதல் மறுப்பு. செய்தது; இல்லையென்று சொல்லவில்லை. இதே வழக்கில் கைதான சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரில் வெளியே வந்தார். ஆனந்த் டெல்டும்டேவுக்கு 2022 நவம்பரில் ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்றம், பயங்கரவாதச் செயலில் அவர் ஈடுபட்டதற்கு முகாந்திரம் தெரியவில்லை என்றது. வெர்னன் கோன்சால்வஸ், அருண் ஃபெரைரா இருவருக்கும் 2023 ஜூலை 28 அன்று ஜாமீன் கொடுத்த உச்ச நீதிமன்றம், புத்தகம் வைத்திருப்பதாலேயே ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்றும், மூன்றாம் நபர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களுக்கு வலு குறைவு என்றும் பதிவுசெய்தது. ஷோமா சென் 2024 ஏப்ரலில். கௌதம் நவ்லாகா 2024 மேயில். அதே வழக்கு, ஏறக்குறைய அதே வகை ஆதாரம். ஸ்டான் சுவாமி இன்னும் இரண்டு மூன்று ஆண்டு உயிரோடு இருந்திருந்தால் அவரும் வெளியே வந்திருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது. சட்டம் கடமையைச் செய்ய எடுத்துக்கொண்ட காலம், 84 வயது உடம்பால் தாங்க முடிந்த காலத்தைவிட நீளமாக இருந்தது. அவ்வளவுதான்.

நாட்டின் பாதுகாப்பு விஷயம், உண்மையிலேயே அவர் ஆயுதக் குழுவோடு சேர்ந்தவராக இருந்தால் என்பது இரண்டாவது. கனமான கேள்விதான். மனசாட்சிக் கைதி என்ற கருத்தை 1961-இல் பரப்பிய ஆம்னெஸ்டி இயக்கத்துக்கும் இதே சிக்கல் வந்தது. வன்முறையைக் கையாளாத, ஆதரிக்காத கைதியைத்தான் அப்படி அழைப்பது என்று விதி வைத்தார்கள். ஆயுதப் போராட்டத்தை ஏற்றார் என்பதற்காக நெல்சன் மண்டேலாவுக்கே அந்தப் பெயரை மறுத்தார்கள். ஆனாலும் அவருக்கு நியாயமான விசாரணையும் மனிதத்தன்மையுள்ள நடத்தையும் வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. மனசாட்சிக் கைதி என்று ஒருவரைக் கொண்டாடுவதற்கு நிபந்தனை உண்டு; அவருடைய எழுத்தையும் வாழ்க்கையையும் பார்த்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்டான் சுவாமி விஷயத்தில் என் முடிவு என்ன என்று உங்களுக்கே தெரியும். விரைவான விசாரணை, மருந்து, கடிதம், குடிக்க ஒரு சிப்பர், இவற்றைக் கேட்பதற்கோ எந்த நிபந்தனையும் கிடையாது. கொலைகாரனுக்கும் இவை உண்டு.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. பாதிரியாருக்கும் பேராசிரியருக்கும் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது, பெயர் தெரியாதவனுக்கு யார் இருக்கிறார்கள் என்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் தீர்ப்பாகாத விசாரணைக் கைதிகள். 2016 முதல் 2019 வரை ஊபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இதை வைத்து மற்றவர்கள் எல்லோரும் நிரபராதிகள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான கணக்கு. பெரும்பாலான வழக்குகள் அப்போது முடியவே இல்லை. முடியவில்லை என்பதுதான் என் வாதத்துக்கும் வேண்டியது. ஆனால் பெயருள்ளவருக்குக் கொடுத்த குரல் பெயரில்லாதவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துத்தான் 1979-இல் ஹுசைனாரா காதூன் வழக்கு பிறந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று அதில்தான் ஆனது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். சுனில் பாத்ரா என்ற கைதி சிறைக்குள் நடந்த சித்திரவதையைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதிய கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. ஸ்டான் சுவாமியும் பெயரில்லாதவர்களுக்காகத்தான் வழக்குப் போட்டார்.

கடைசி மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை: பயம். பிழைக்க வந்த ஊர், நமக்கெதற்கு வம்பு. இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் குழுவை இப்போது எடுத்துக்கொள்வோம். சிறைப்பட்டோருக்குத் துணை நின்ற அந்த அமைப்பையே மாவோயிஸ்டுகளின் முகமூடி என்று சொல்லி, அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்றாக என்.ஐ.ஏ. வைத்தது. ஆகவே பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொன்னால் அது பொய். பயம் பரவ வேண்டும் என்பதும் அந்தக் குற்றச்சாட்டின் நோக்கங்களில் ஒன்று என்பது என் கருத்து. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிற காரியங்களைப் பலர் சேர்ந்து, பெயர் போட்டுச் செய்வது. பத்துப் பேர் செய்தால் சந்தேகம். பத்தாயிரம் பேர் செய்தால் வழக்கம். தலோஜாவுக்குச் சிப்பர் அனுப்பியவர்கள் காட்டிய வழி அது. தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. தருமபுரி மாவட்டத்தில் தனியார் நிலத்தில் ஸ்டான் சுவாமி படத்தோடு கல்தூண் வைக்க அதிகாரிகள் தடை சொன்னார்கள். தூண் வைக்க முயன்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025-இல் அனுமதி கிடைத்தது.

ஆதரவு என்றாலே கூட்டம், முழக்கம் என்று நினைத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1908 ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதி திருநெல்வேலியில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. 22-ஆம் தேதி இதே பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திலகர் அன்று பேசியதைப் பிற்பாடு உயர் நீதிமன்றத்திலேயே பலகையில் பதித்து வைத்திருக்கிறார்கள். வ.உ.சி. கைதானபோதும் நெல்லையும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. ஆனால் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் அவர் சிறையை விட்டு வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. வக்கீல் சன்னது போய்விட்டது, வறுமை. அவருக்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த 347 ரூபாய்ச் சொச்சம் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவர் கைக்கு வர 1916 ஆனதை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். கைதாகும் நாளில் நாம் பலமாகத்தான் இருக்கிறோம். மூன்றாம் ஆண்டில், நான்காம் ஆண்டில் காணாமல் போகிறோம். ஊபா வழக்கு மூன்றாம் ஆண்டில்தான் ஆளை அரிக்கத் தொடங்குகிறது.

அதனால் நான் கேட்பது சின்னக் காரியங்கள். விசாரணை நீதிமன்றம் பொதுவாகத் திறந்த மன்றம். தாரீக் அன்று போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கைதியைப் பார்க்க முலாகாத்துக்கு வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு நம் வீடுகளில் ஓர் இரவு தங்க இடம் கொடுங்கள், வி.டி.யில் இறங்கும் அவர்களுக்குத் தலோஜா எந்தத் திசை என்றே தெரியாது. சிறைக் கேன்டீன் செலவுக்கு விதி அனுமதிக்கும் அளவில் மணியார்டர் அனுப்புங்கள். கடிதம் எழுதுங்கள், சிறையில் அதைப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மழை, கிரிக்கெட், படித்த புத்தகம் போதும். மராத்தியிலோ இந்தியிலோ எழுதினால் சீக்கிரம் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். இந்த வழக்கில் 2018 ஜூனிலேயே கைதான வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் 2025-இலும் சிறையில்தான் இருந்தார். அவர் இன்னும் உள்ளே இருந்தால் முதல் கடிதத்தை அவருக்கே எழுதலாம். உறையின் மேல் கைதியின் பெயர், அதன் கீழ் 'சூப்பிரண்டெண்ட், தலோஜா மத்தியச் சிறை, கார்கர், நவி மும்பை' என்று எழுதி, பின்பக்கம் உங்கள் பெயரையும் முகவரியையும் மறைக்காமல் போடுங்கள்.